பொறியியலுக்கு எந்தக் கல்லூரி?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்துப் பொறியியலுக்குச் செல்லும் மாணவர்களில் பெரும்பாலோரின் பட்டச் சான்றிதழில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரே அச்சாகிறது. ஆனால், அச்சான்றிதழுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளை அவர்கள் கழிக்கும் இடம் கிண்டியிலுள்ள பழைய செங்கல் கட்டடமாகவும் இருக்கலாம், நெடுஞ்சாலை ஓரத்தில் அண்மையில் எழுப்பப்பட்டு ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கும் ஒரு தனியார் வளாகமாகவும் இருக்கலாம். பட்டம் ஒன்றாகவும் படிப்பு வேறுவேறாகவும் இருக்கும் இந்த நிலையே, எந்தப் பல்கலைக்கழகம் என்று பிற மாநிலங்களிலும் நாடுகளிலும் கேட்கப்படும் கேள்வியைத் தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி, அதில் எந்தத் துறை என்ற கேள்வியாக மாற்றிவிடுகிறது. இக்கேள்விக்கு விடை காண உதவும் செய்திகளில் பெரும்பகுதி பொதுவெளியில் கிடைக்கிறது என்பதும், விளம்பரப் பலகைகளில் இடம்பெறும் செய்திகள் பெரும்பாலும் அவற்றில் சேராதவை என்பதும் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை.

இந்த அமைப்பு உருவான விதத்தைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது பயன் தரும். 1794ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகே தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளி, 1859இல் பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. 1944இல் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியும், 1945இல் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியும், 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. எனப்படும் மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனமும் தோன்றின. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியலும் எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியலும் பயின்றது இந்த எம்.ஐ.டி.யில்தான். கிண்டி, எம்.ஐ.டி., அழகப்பா கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் இணைத்து 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அது அந்த நான்கு வளாகங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1984 முதல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு, அதாவது அரசு நிதியின்றி மாணவர் கட்டணத்தில் நடக்கும் தனியார் கல்லூரிகளுக்கு, அனுமதி வழங்கப்பட்டு அவை பெருகிய பின், 2001இல் மாநிலம் முழுவதுமுள்ள பொறியியல் கல்லூரிகள் அதன் இணைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2007இல் அந்தப் பொறுப்பு வட்டார வாரியாகப் பல பல்கலைக்கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டு, 2012இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. கல்லூரிகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் ஐந்நூற்றைத் தாண்டிச் சென்று, மாணவர் சேராத கல்லூரிகள் மூடப்பட்டதால் இன்று நானூற்றுச் சொச்சமாகக் குறைந்திருக்கிறது.

ஒரே பெயரின் கீழ் இயங்கினாலும் இவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மேற்குறித்த நான்கு வளாகங்களும் பல்கலைக்கழகத் துறைகள் எனப்படுகின்றன. விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, அரியலூர், இராமநாதபுரம் முதலிய ஊர்களில் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துபவை உறுப்புக் கல்லூரிகள். கட்டணம் குறைவு என்பது இவற்றின் சிறப்பு. எனினும், 'அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்துவிட்டது' என்று மகிழும் குடும்பம், கிண்டியின் ஆய்வகங்களையும் ஆசிரியர் குழுவையும் உறுப்புக் கல்லூரியில் எதிர்பார்த்தால் ஏமாற நேரும். சேலம், திருநெல்வேலி, பர்கூர், வேலூர், காரைக்குடி போன்ற இடங்களில் அரசுக் கல்லூரிகள் உள்ளன. கோவை பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., மதுரை தியாகராசர் ஆகியவை அரசு உதவி பெறுபவை. இவற்றில் உதவி பெறும் பாடப்பிரிவுகளும் சுயநிதிப் பாடப்பிரிவுகளும் ஒரே வளாகத்தில் வெவ்வேறு கட்டணத்துடன் நடக்கின்றன என்பதால், விண்ணப்பிக்கும்போது எந்தப் பிரிவு எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய பெரும்பான்மை சுயநிதிக் கல்லூரிகளே. இவ்வகைகளுள் சில தன்னாட்சி பெற்றவை, அதாவது பாடத்திட்டத்தை வகுத்துக்கொள்ளவும் வினாத்தாள் அமைத்துத் தேர்வு நடத்தவும் உரிமை பெற்றவை. பட்டம் வழங்குவது மட்டும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

இந்த வட்டத்துக்கு வெளியே இரண்டு வாயில்கள் இருக்கின்றன. முதலாவது ஒன்றிய அரசின் நிறுவனங்கள்: 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி., 1964இல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகப் பிறந்து 2003இல் பெயர் மாறிய திருச்சி என்.ஐ.டி., காஞ்சிபுரத்திலும் திருச்சியிலும் உள்ள ஐ.ஐ.ஐ.டி.கள் ஆகியவை. இவற்றுக்கு ஜே.இ.இ. தேர்வு எழுத வேண்டும், என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு ஒதுக்கப்படுவதால், திருச்சி நிறுவனம் தமிழ்நாட்டு மாணவருக்குப் பிறரைவிட எட்டும் தொலைவில் இருக்கிறது. இங்கே சான்றிதழில் ஒரு சிக்கல் உண்டு. மாநிலக் கலந்தாய்வில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவினருக்கு வருமான வரம்பு கிடையாது. ஒன்றிய அரசின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டிலோ வசதி படைத்தோரை விலக்கும் 'கிரீமி லேயர்' விதி உண்டு என்பதால், அதற்கெனத் தனிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழே போதும் என்றிருந்துவிட்டுக் கடைசி வாரத்தில் அலைபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இரண்டாவது வாயில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, ஒரு கல்வி நிறுவனத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நிகரானதாக ஒன்றிய அரசு அறிவிக்கும்போது, அது எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராமல் தானே பட்டம் வழங்கும் உரிமையைப் பெறுகிறது. 1980களில் கல்லூரிகளாகத் தொடங்கிய வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம்., சாஸ்த்ரா ஆகியவை 2000க்குப் பின் இந்தத் தகுதியைப் பெற்றன. வி.ஐ.டி.யும் எஸ்.ஆர்.எம்.மும் தமக்கென நுழைவுத்தேர்வு நடத்துகின்றன. மாநிலத்தின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இவை இடம்பெறுவதில்லை. மாநிலக் குழு நிர்ணயிக்கும் கட்டண உச்சவரம்பும் 69% இடஒதுக்கீடும் இவற்றின் சேர்க்கையில் நடைமுறையில் இல்லை. பாடத்திட்டத்தை விரைவாகப் புதுப்பிப்பதும், மாணவர் தமக்கு வேண்டிய பாடங்களையும் சில இடங்களில் ஆசிரியரையும்கூடத் தேர்ந்துகொள்ள வழி செய்வதும் இவற்றில் முன்னணியில் உள்ளவற்றின் வலிமை; நான்காண்டுச் செலவு, அரசுக் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவில் இருப்பது அதற்கான விலை.

பெரும்பாலோர் வந்து சேரும் வழி மாநிலக் கலந்தாய்வே. 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் மாநில நுழைவுத்தேர்வு நீங்கியபின், கணித மதிப்பெண்ணை 100க்கும் இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைத் தலா 50க்கும் மாற்றிக் கூட்டி 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாக இருந்துவருகிறது. ஒரே கட்-ஆஃப் பெற்றவர்களுக்குள் முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் என மதிப்பெண்கள் பார்க்கப்படும். அவற்றிலும் பிற மதிப்பெண்களிலும் சமமானால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதிலும் சமமானால் விண்ணப்பத்தின்போது கணினி வழங்கிய சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். இவ்வாறு உருவாகும் தரவரிசைப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பொதுத் தரவரிசை ஒன்றும் தம் வகுப்புப் பிரிவுக்குள் தரவரிசை ஒன்றும் கிடைக்கின்றன. இடங்களில் 31% அனைவருக்கும் பொதுவானவை. மீதமுள்ளவற்றில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5%, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5%, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20%, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியருக்கான 3% உள்பட 18%, பழங்குடியினருக்கு 1% என ஒதுக்கப்படுகின்றன. 2021 முதல் அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு 7.5% உள்ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்துள்ளது.

சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் கோடைக்கால வழக்கமாகிவிட்டது. அப்பட்டியலைப் பார்ப்பதில் தவறில்லை. மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதில்தான் பிழை நேர்கிறது. ஒரு பிரிவின் கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் முடிகிறது என்பது அவ்வாண்டின் வினாத்தாள் எளிதா கடினமா என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். பெருந்தொற்றால் 2021இல் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்புக்கு 50%, பதினொன்றாம் வகுப்புக்கு 20%, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30% என மதிப்பெண் கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டின் கட்-ஆஃபை அதற்கு முந்தைய ஆண்டுடனோ பிந்தைய ஆண்டுடனோ வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. தரவரிசை அத்தகையதன்று: ஒரு குறிப்பிட்ட கல்லூரியின் ஒரு பிரிவு ஏறத்தாழ எத்தனையாவது இடத்தில் இருப்பவரோடு நிறைகிறது என்பது, இடங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறாத வரையில், அவ்வளவு எளிதில் அசைவதில்லை. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளின் இறுதித் தரவரிசையை, பொதுப் பிரிவுக்கும் தம் வகுப்புப் பிரிவுக்கும் தனித்தனியே குறித்துக்கொள்வதே நம்பத்தக்க வழி.

கலந்தாய்வின் உயிர்நாடி விருப்பப் பட்டியல். 2018க்கு முன் மாணவரும் பெற்றோரும் சென்னைக்கு வந்து, அரங்கில் திரையைப் பார்த்து ஒரே ஓர் இடத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டு முதல் இணையவழிக் கலந்தாய்வாக மாறியபின், வேண்டிய கல்லூரி–பிரிவு இணைகளை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. எத்தனை வேண்டுமானாலும் பதியலாம். இந்த வரிசையை அமைப்பதில்தான் மிகப் பரவலான, மிகத் தேவையற்ற தவறு நிகழ்கிறது. 'எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் அந்த வாய்ப்பு வீணாகிவிடும், கிடைக்கக்கூடியதை முதலில் போட வேண்டும்' என்று அறிவுரை கூறுவோர் ஊர்தோறும் உள்ளனர். கட்டணம் வாங்கிக்கொண்டு இதையே கூறும் ஆலோசனை மையங்களும் உள்ளன.

இடம் ஒதுக்கப்படும் முறையைப் புரிந்துகொண்டால் இந்த அறிவுரை ஆதாரமற்றது என்பது விளங்கும். கணினி, ஒரு சுற்றில் இருப்பவர்களைத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. ஒருவரின் முறை வரும்போது, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, பொது இடமாகவோ அவருடைய பிரிவுக்குரிய இடமாகவோ காலியாக உள்ள முதல் விருப்பத்தை அவருக்கு வழங்கிவிட்டு அடுத்தவரிடம் செல்கிறது. 20,000ஆவது இடத்தில் இருக்கும் ஒரு மாணவி, தமக்குக் கிடைக்கவே வாய்ப்பில்லாத கிண்டிக் கணினி அறிவியலை முதல் வரிசையிலும், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஒரு கல்லூரியைப் பதினைந்தாவது வரிசையிலும் எழுதியிருக்கிறார் என்று கொண்டால், அவருடைய முறை வருவதற்கு முன் அந்தப் பதினைந்தாவது இடத்தை 20,001ஆவது மாணவர் எடுத்துக்கொள்ள வழியே இல்லை. அந்த மாணவர் அதை முதல் விருப்பமாகவே எழுதியிருந்தாலும் இல்லை. எனவே பேராசையான விருப்பத்தை மேலே எழுதுவதால் இழப்பு எதுவும் இல்லை. கிடைக்கக்கூடியதை மேலே எழுதிவிட்டு, மெய்யாகவே வேண்டியதைக் கீழே தள்ளுபவருக்குத்தான் இழப்பு, ஏனெனில் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கணினி கீழே பார்க்காது. முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் வழங்கும் வேறு வகை முறைகளில் மட்டும்தான் அத்தகைய தந்திரம் பயன்படும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் அப்படியொரு முறை நெடுநாள் இருந்து, பொருளியல் அறிஞர்களின் விமர்சனத்துக்குப் பின் 2005இல் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டின் முறையில் உண்மையான விருப்ப வரிசையே சிறந்த தந்திரமும் ஆகும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் ஒன்று உண்டு. நான்கைந்து புகழ்பெற்ற பெயர்களை மட்டும் எழுதி முடித்துவிடும் மாணவருக்கு அந்தச் சுற்றில் இடமே ஒதுக்கப்படாமல் போகும். அண்மை ஆண்டுகளில் கலந்தாய்வு மூன்று சுற்றுகளாக நடக்கிறது என்பதால் அவர் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படும்போது, அவருக்குக் கீழே இருந்தவர்கள் எடுத்தது போக எஞ்சியவையே அவருக்காகக் காத்திருக்கும். பட்டியல் மேற்பகுதியில் துணிவாகவும் கீழ்ப்பகுதியில் எச்சரிக்கையாகவும், மொத்தத்தில் நீளமாகவும் இருக்க வேண்டும். சேர்வதற்கு விருப்பமே இல்லாத கல்லூரியை மட்டும் எழுதக் கூடாது.

தற்காலிக ஒதுக்கீடு வெளியானபின், ஓரிரு நாள்களுக்குள் மாணவர் ஒரு முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஒதுக்கிய இடத்தை ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடலாம், ஏற்றுக்கொண்டபடியே, பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பம் ஏதேனும் காலியானால் மாறிக்கொள்ளக் காத்திருக்கலாம், ஏற்காமல் மேல்விருப்பத்துக்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குச் செல்லலாம், கலந்தாய்விலிருந்தே விலகலாம். இரண்டாவது வழியைத் தேர்பவர் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தித் தம் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். மேல்விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. வரிசையை ஏனோதானோவென்று அமைத்தவர்கள், நல்ல இடத்திலிருந்து தாம் விரும்பாத இடத்துக்கு 'உயர்த்தப்படுவது' இந்தக் கட்டத்தில்தான்.

வரிசை முறை தெரிந்தால் மட்டும் போதாது; வரிசையில் எதை எதற்கு மேலே வைப்பது என்பதே அடிப்படைக் கேள்வி. இதற்குக் கல்லூரிகள் தரும் விடை தரச்சான்றுகளும் தரவரிசை எண்களும் ஆகும். அவற்றுள் நாக் எனப்படும் தேசிய மதிப்பீட்டு அவை கல்வி நிறுவனம் முழுவதையும் மதிப்பிட்டு ஏ++, ஏ+ என்பன போன்ற தரங்களை வழங்கிவந்துள்ளது. என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியம் தனித்தனிப் பாடப்பிரிவையே மதிப்பிடுகிறது. பொறியியல் மாணவருக்கு இரண்டாவதே அதிகம் பயன்படும். ஒரு கல்லூரியில் எட்டுப் பிரிவுகள் இருந்து அவற்றில் மூன்று மட்டுமே என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றிருக்க, முகப்பு வாயிலில் 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று பொதுவாக எழுதிவைப்பது வழக்கமாக இருப்பதால், சேர விரும்பும் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பதை வாரியத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிரந்தர உறுப்பினரானதால், உறுப்பு நாடுகள் ஒன்று மற்றொன்றின் பொறியியல் பட்டத்தைச் சமமாக ஏற்பது எளிதாயிற்று. ஆனால் அந்தச் சலுகை என்.பி.ஏ.யின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கே உரியது.

ஒன்றிய அரசு 2016 முதல் வெளியிட்டுவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30%, ஆய்வுக்கு 30%, பட்டம் பெற்றோரின் நிலைக்கு 20%, அனைவரையும் உள்ளடக்கும் தன்மைக்கு 10%, பொதுக் கருத்துக்கு 10% என மதிப்பு வழங்கப்படுகிறது. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் ஏறும் இடம், இரண்டாம் ஆண்டு மாணவருக்கு வெப்ப இயக்கவியலை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எனினும் இத்தரவரிசையின் துணைவிளைவு ஒன்று அதைவிடப் பெரும்பயன் உடையது. பங்கேற்கும் கல்லூரி ஒவ்வொன்றும் தான் சமர்ப்பித்த தரவுகளைத் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். அவற்றில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் நான்கே ஆண்டுகளில் பட்டம் முடித்தனர், எத்தனை பேர் வேலை பெற்றனர், எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றனர், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பனவெல்லாம் ஆண்டுவாரியாக இருக்கும்.

இடைநிலைச் சம்பளம் என்பது, வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். பத்து மாணவர்களில் ஒன்பது பேர் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாயும் ஒருவர் 40 லட்சமும் பெற்றால், சராசரி 7.15 லட்சம் என்று விளம்பரம் செய்யலாம், உச்சச் சம்பளம் 40 லட்சம் என்று அந்த ஒருவரின் படத்தையும் போடலாம். இடைநிலை மட்டும் 3.5 லட்சம் என்ற உண்மையைச் சொல்லும். தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்கள் கூட்டமாக ஆளெடுக்கும்போது தரும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்த அளவைச் சுற்றியே இருந்துவருவதால், பெரும்பாலான கல்லூரிகளின் இடைநிலையும் அதன் அருகிலேயே நிற்கிறது. 'ஆயிரம் பணி வாய்ப்புகள்' என்ற அறிவிப்பையும் கவனித்துப் படிக்க வேண்டும். ஒருவருக்கே மூன்று நிறுவனங்களின் ஆணை கிடைத்தால் அது மூன்றாகவே எண்ணப்படும்.

தன்னாட்சி பெறாத இணைப்புக் கல்லூரிகளைப் பொறுத்தவரை, பருவந்தோறும் கல்லூரிவாரியான தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. பொது வினாத்தாள், வெளியார் திருத்தம் என்பதால் இது ஓரளவு நேர்மையான அளவுகோல். ஒரு கல்லூரியில் பாதிக்கும் மேற்பட்டோர் அரியரோடு, அதாவது தேறாத பாடங்களைச் சுமந்துகொண்டு, அடுத்த பருவத்துக்குச் செல்கிறார்கள் என்றால் அங்கே சேர்வதற்குமுன் மிகவும் யோசிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை இவற்றோடு ஒப்பிட முடியாது, அங்கே கற்பிப்பதும் வினா அமைப்பதும் அதே கல்லூரி என்பதால்.

ஆசிரியர்களைப் பற்றிய செய்தியே எல்லாவற்றிலும் கடினமாகக் கிடைப்பது. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் தற்போதைய விதி. 15க்கு ஒருவர் என்றிருந்ததை 2018இல் தளர்த்தியபின் வந்தது இது. தளர்த்திய விதியும் தாளளவில் மட்டுமே காக்கப்படுகிறது என்பதை, 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின: ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே காலத்தில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகப் பதிவாகியிருந்தது, அப்படிப்பட்ட பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன, பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. ஆகவே கல்லூரி இணையதளத்திலுள்ள ஆசிரியர் பட்டியலைப் பார்ப்பதோடு நில்லாமல், அத்துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் இருவரிடம், பட்டியலிலுள்ள பெயர்களில் எத்தனை பேர் வகுப்புக்கு வருகிறார்கள், கடந்த ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள், ஆய்வகம் மாலையில் திறந்திருக்குமா என்று கேட்பது, எந்தத் தரச்சான்றையும்விட அதிகம் தெரிவிக்கும்.

கல்லூரியா, பாடப்பிரிவா என்ற வாதத்தில் இன்று பாடப்பிரிவின் கட்சியே வென்றுவருகிறது. எந்தக் கல்லூரியானாலும் கணினி அறிவியல் கிடைத்தால் போதும் என்பதே பொதுமனநிலை. 2024–25 முதல், தகுதியுடைய கல்லூரிகள் ஒரு பிரிவில் சேர்க்கும் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டதால், கணினி சார்ந்த இடங்கள் பெருகி, குடிமைப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் பல தனியார் கல்லூரிகளில் சுருங்கிவிட்டன. இடங்கள் ஒரே ஆண்டில் பெருகலாம், அவற்றை நடத்தத் தகுந்த ஆசிரியர்கள் ஒரே ஆண்டில் பெருகுவதில்லை. செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், இணையப் பாதுகாப்பு, பொருள்களின் இணையம் எனப் பல பெயர்களில் தனிப் பிரிவுகள் வந்துள்ளன. இவற்றின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் கணினி அறிவியலோடு பெரும்பாலும் பொருந்துகின்றன, வேறுபாடு பிந்தைய பருவங்களின் சில பாடங்களில்தான். பெயரை விட்டுப் பாடத்திட்டத்தைப் பார்த்தால் இது எளிதில் தெரியும்.

இதன் மறுபக்கத்தில், பழைய அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளின் குடிமை, இயந்திர, மின்னியல் துறைகள், அவற்றுக்குரிய மதிப்பைவிடக் குறைந்த தரவரிசையிலேயே இன்று கிடைக்கின்றன. கோவையின் பம்பு, மோட்டார் தொழிலும் வார்ப்படச் சாலைகளும் அந்நகரக் கல்லூரிகளுக்கு அருகிலேயே இருப்பது பயிற்சிக்கும் வேலைக்கும் பெரும் துணை; ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் ஆகிய இடங்களில் வாகன, மின்னணு ஆலைகள் பெருகிவருகின்றன. அழகப்பா கல்லூரியின் தோல் தொழில்நுட்பம், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தோடு இணைந்த வேதி–மின்வேதிப் பொறியியல் போன்ற அரிய பிரிவுகளை அவற்றின் பெயர் பழக்கமற்றது என்பதற்காகவே பலர் கடந்துபோகிறார்கள். கணினியில் உண்மையான நாட்டமுள்ளவர் நலிந்த கல்லூரியில்கூட இணையத்தின் துணையால் தானே ஓரளவு கற்றுக்கொள்ள முடியும். வேதிப் பொறியியலையோ இயந்திரப் பொறியியலையோ நல்ல ஆய்வகம் இல்லாமல் கற்க முடியாது. ஆகவே ஆய்வகத்தை நம்பிய பிரிவுகளில் கல்லூரிக்கும், கணினிப் பிரிவுகளில் உடன்படிக்கும் மாணவர்களின் தரத்துக்கும் கூடுதல் எடை தருவது பொருந்தும். ஊக்கமுள்ள உடன்மாணவர்களால் ஒருவர் பெறுவது, எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத, ஆனால் கல்லூரியின் இறுதித் தரவரிசையைப் பார்த்தே ஊகிக்கக்கூடிய வசதி.

செலவைப் பொறுத்தவரை, அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017இல் நிர்ணயிக்கப்பட்ட உச்சவரம்பு அங்கீகாரம் பெற்ற பிரிவுகளில் ஆண்டுக்கு 55,000 ரூபாய், பிறவற்றில் 50,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 87,000, 85,000. இதற்குமேல் நன்கொடை வாங்குவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும், அது நடக்கிறது என்பதும் அனைவரும் அறிந்தவை. பேருந்து, விடுதி, 'பயிற்சி' ஆகியவற்றின் பெயரால் சேரும் தொகை கற்பிப்புக் கட்டணத்தை எட்டிவிடும் கல்லூரிகள் உண்டு என்பதால், மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழிச் சேர்க்கையில் கற்பிப்புக் கட்டணச் சலுகை உண்டு, 7.5% ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பயின்றவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கலந்தாய்வுக்கு முன்பே முன்பணம் கேட்கும் கல்லூரியில் ஒரு பாதுகாப்புக்காகச் சேர்ந்து வைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: வகுப்பு தொடங்குமுன் விலகுபவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யவும், அசல் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு தர மறுக்கவும் ஏ.ஐ.சி.டி.இ. விதிகள் இடம் தரவில்லை.

கடைசியாக ஒரு சிறு எச்சரிக்கை. ஒரே அறக்கட்டளை ஒத்த பெயர்களில் இரண்டு மூன்று கல்லூரிகளை நடத்துவதும், வெவ்வேறு மாவட்டங்களில் ஏறத்தாழ ஒரே பெயருடைய கல்லூரிகள் இருப்பதும் தமிழ்நாட்டில் வழக்கம். கலந்தாய்வில் அவற்றைப் பிரித்துக் காட்டுவது கல்லூரிக் குறியீட்டு எண் மட்டுமே. விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்குமுன், ஒவ்வொரு வரியிலும் உள்ள குறியீட்டு எண்ணையும் பாடப்பிரிவின் குறியீட்டையும் தகவல் கையேட்டோடு வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். குறித்த நேரம் முடிந்தபின் அந்தச் சுற்றின் பட்டியலைத் திருத்த இயலாது.